வீட்டில் செய்யும் தந்தி வாத்தியம்: எளிமையாகவே விடுவதா, நுட்பமாகச் செதுக்குவதா?

கைவினைஞன்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று தந்திகள் கொண்ட பெட்டிக் கிதார் ஒன்றை அண்மையில் செய்து முடித்திருக்கிறேன். உடலுக்கு ஒரு மரப்பெட்டி, கழுத்துக்கு ஒரு நீண்ட சட்டம், பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையாக ஒரு போல்ட், தலைப்பக்கம் தந்தி ஏறி வரும் நட்டாக இன்னொரு போல்ட், அவ்வளவுதான். ஸ, ப, மேல் ஸ என்று சுருதி சேர்த்துக் கண்ணாடிக் குழாயைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும்போது ஒலி நெஞ்சில் வந்து நிற்கிறது. ஆனால் அதே வாத்தியத்தை கழுத்தின் குறுக்கே இருக்கும் மெட்டுகளில் விரல் அழுத்தி வாசிக்கத் தொடங்கினால், முதல் இரண்டு மூன்று மெட்டுகளில் சுருதி ஏறி ஒலிக்கிறது. மேலே போகப் போக வேறு விதமாக விலகுகிறது. மெட்டுகளின் இடங்களை, ஏறத்தாழ இதே தந்தி நீளமுள்ள ஒரு கிதாரின் கழுத்தைப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது வாத்தியத்தைத் தொடங்கவிருக்கிறேன். இதைப் பற்றி விசாரித்தபோது இரண்டு விதமான அறிவுரைகள் கிடைத்தன. பெட்டிக் கிதாரின் உயிரே அதன் கரடுமுரடில்தான் இருக்கிறது, அளவுகோலைக் கையில் எடுத்த அன்றே அது செத்துவிடும் என்பது ஒன்று. செய்வன திருந்தச் செய், நல்ல மரம் வாங்கி, மேற்பலகையை இழைத்து, உட்சட்டங்கள் ஒட்டி, முறையாக மெருகேற்று என்பது மற்றொன்று. இரண்டு தரப்பிலும் நான் மதிப்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பவை ஒரு கைவாள், ஒரு இழைப்புளி, சில அரங்கள், ஒரு துளைப்பான் மட்டுமே. கிடைக்கும் ஓய்வு நேரமும் குறைவு. ஆகவே என் கேள்வி இது: எந்த நுட்பம் காதுக்குக் கேட்கும், எது கண்ணுக்கு மட்டும் தெரியும்? உழைப்பை எங்கே செலவிடுவது, எங்கே நிறுத்திக்கொள்வது?

மரத்தூள்:

நண்பரே, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. குழாயை வழுக்கும்போது இனிக்கும் வாத்தியம் மெட்டை அழுத்தும்போது கசக்கிறது என்றால், பெட்டியிலும் மரத்திலும் குறை இல்லை. தந்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்ற இரண்டில்தான் குறை இருக்கிறது. இந்த இரண்டிலும் அரை மில்லிமீட்டருக்குள் துல்லியம் வேண்டும் என்றும், மற்ற எல்லாவற்றையும் உங்கள் மனம்போல எளிமையாக விட்டுவிடலாம் என்றும் நான் உறுதியாகச் சொல்வேன்.

முதலில் மெட்டுகளின் இடம். சம இடைவெளிச் சுருதிமுறையில், அதாவது ஸ முதல் மேல் ஸ வரை பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிக்கும் முறையில், ஒரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் 2இன் பன்னிரண்டாம் படிமூலம். கைக்கணக்காகச் சொன்னால், நட்டிலிருந்து குதிரை வரையுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். மிச்ச நீளத்தை மறுபடியும் 17.817ஆல் வகுத்தால் அடுத்தது கிடைக்கும். தந்தி நீளம் 635 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் முதல் மெட்டு 35.64 மி.மீ., ஐந்தாவது 159.3 மி.மீ., ஏழாவது 211.2 மி.மீ., பன்னிரண்டாவது மிகச் சரியாக நடுவில், 317.5 மி.மீ. தொலைவில் வரும். எல்லாத் தூரங்களையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டு போனால் ஒவ்வொரு குறியிலும் விழும் சிறு பிசகு அடுத்ததோடு சேர்ந்துகொண்டே போகும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு நல்ல எஃகு அளவுகோலும் பென்சிலுக்குப் பதிலாகக் கூரிய கத்தி முனையும் போதும், ஏனென்றால் மழுங்கிய பென்சில் கோட்டின் தடிப்பே அரை மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஏறத்தாழ இதே நீளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கழுத்துகளின் நீளத்தில் 5 மி.மீ. வேறுபாடு இருந்தாலும், பார்த்து எடுத்த குறிகள் அத்தனையும் உங்கள் வாத்தியத்துக்குப் பொருந்தாது. அதோடு, பிசகின் விளைவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் மெட்டில் 1 மி.மீ. தவறினால் சுருதி சுமார் 3 சென்ட் விலகும். அதே 1 மி.மீ. பன்னிரண்டாவது மெட்டில் ஐந்தரை சென்ட் ஆகிவிடும். சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு. ஐந்து சென்ட்டைப் பயின்ற காது பிடித்துவிடும்.

இந்தத் துல்லியம் கணினிக் காலத்து ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1581ஆம் ஆண்டிலேயே வின்சென்சோ கலிலேயி, அறிவியலாளர் கலிலேயோவின் தந்தை, 18:17 என்ற விகிதத்தை இதற்காக முன்வைத்தார். 17.817க்குப் பதில் 18ஆல் வகுக்கும் அந்த வழியில் பன்னிரண்டாவது மெட்டு அந்த 635 மி.மீ. நீளத்தில் நடுப்புள்ளிக்குச் சுமார் 2.3 மி.மீ. முன்னதாக விழும், கணக்குப்படி சுருதி 12 சென்ட்டுக்கு மேல் இறங்க வேண்டும். ஆனால் தந்தியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது சற்றே இழுபட்டுச் சுருதி ஏறுவதால், அந்த இறக்கத்தின் ஒரு பகுதி ஈடாகிவிட்டது. இழுபடுவதால் ஏறும் இந்தச் சுருதிதான் உங்கள் வாத்தியத்தின் முதல் மெட்டுகளில் கேட்கும் குறைக்கும் காரணம்.

அங்கேதான் நட்டின் உயரம் வருகிறது. இரண்டாவது மெட்டுக்கும் மூன்றாவது மெட்டுக்கும் நடுவில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் மெட்டின் மேல் தந்திக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு ஒளிக்கீற்று தெரிந்தால் போதும். போல்ட்டை நட்டாக வைத்தவர்களின் வாத்தியங்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கும். அப்போது முதல் மெட்டைத் தொடுவதற்கே தந்தியை வளைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. தந்தி எவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக இந்த இழுப்பு சுருதியை ஏற்றும். போல்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது உட்காரும் பள்ளத்தைச் சிறிது சிறிதாக ஆழமாக்குங்கள், ஒவ்வொரு முறையும் மீண்டும் பாருங்கள். அரத்தை இரண்டு முறை கூடுதலாக ஓட்டிவிட்டால் தந்தி முதல் மெட்டில் மோதி இரையும், பிறகு அடியில் சக்கை வைக்க நேரும். எனவே அந்த இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்.

குதிரையை ஒட்டிவிடாமல், தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கும்படி விடுங்கள். பன்னிரண்டாவது மெட்டின் நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் கேட்கும் மேற்சுரத்தையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் கேட்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள். எஃகுத் தந்தியானால் பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குப் போகும், தடித்த தந்தியின் பக்கம் இன்னும் சற்றுக் கூடுதலாக. நகரும் குதிரை எளிமையானது; அதே சமயம் ஒட்டிய குதிரையை விடத் துல்லியமானதும் அதுவே. எளிமையும் நுட்பமும் எதிரெதிர் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு சிறு கட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றைத்தந்தி:

மேலே எழுதிய நண்பரின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் மெட்டு என்பதையே கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார். மெட்டே இல்லாத வாத்தியத்தில் அந்தக் கணக்கு முழுவதும் தேவையற்றதாகிவிடும் என்பதையும் கேள்வி கேட்டவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் செய்து வாசித்த டிட்லி போ என்ற வாத்தியத்தில் இருப்பது ஒரு பலகை, அதில் அறைந்த இரண்டு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய ஒரே ஒரு கம்பி, கம்பியைத் தூக்கி நிறுத்த ஒரு புட்டியோ டப்பாவோ மட்டுமே. அம்மக்களின் புளூஸ் என்ற இசைவகையில் வரும் கிதாரின் வழுக்கு வாசிப்புக்கு அது முன்னோடிகளில் ஒன்று. சுருட்டுப் பெட்டி வாத்தியங்களுக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாசறையில் ஒரு வீரர் சுருட்டுப் பெட்டி வயலின் வாசிப்பதை எட்வின் ஃபோர்ப்ஸ் வரைந்த செதுக்கோவியம் 1876ஆம் ஆண்டுக்குரியது. இவற்றைச் செய்தவர்கள் நல்ல வாத்தியம் கிடைக்காததால் மட்டமானதைச் செய்துகொண்டார்கள் என்று பேசுவது எனக்கு ஏற்புடையதன்று. அவர்கள் குறைந்த பொருளில் ஒரு தனிக்குரலைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குரலில் பெட்டியின் அதிர்வும், கம்பியின் உலோக ஓசையும், குழாய் உரசும் சத்தமும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துவிட்டால் எஞ்சுவது இன்னொரு சுமாரான கிதார்தான். அதைக் கடையில் இதைவிட நன்றாகவே செய்து விற்கிறார்கள்.

கைவினைஞன் அவர்களே, குழாய் வைத்து வாசிக்கும்போது நெஞ்சில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இருக்கும் வாத்தியத்தை அதற்கென்றே விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். வழுக்கு வாசிப்புக்கு நட்டு உயரமாக இருப்பதே நல்லது, குழாய் மெட்டுகளில் இடிக்காது. நட்டைத் தாழ்த்தினால் இப்போது நன்றாக இருக்கும் ஒன்றைக் கெடுத்துவிடுவீர்கள்.

அதற்காக எளிமை என்றால் கவனமின்மை என்று நான் சொல்லவில்லை. தம்புராவை எண்ணிப் பாருங்கள். அதில் மெட்டு கிடையாது, விரல் அழுத்துவது கிடையாது. ஆனால் குதிரையின் வளைந்த முகப்புக்கும் தந்திக்கும் இடையில் ஒரு நூல் துண்டைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மேற்சுரங்கள் விரிந்து ரீங்கரிக்கும் அந்த ஓர் இடத்தைத் தேடுகிறார்களே, அதைவிட நுட்பமான வேலை தந்தி வாத்தியங்களில் வேறெது? நுட்பம் முழுவதும் ஒரு நூலில் இருக்கிறது. உங்கள் போல்ட் குதிரைக்குப் பதிலாக மேல் முகம் தட்டையான ஒரு கட்டையை வைத்து, அந்த முகத்தை மிக இலேசான வளைவாகத் தேய்த்து, நூல் வைத்துப் பாருங்கள். இதற்குத் தேவையானது உப்புத்தாளும் பொறுமையும்தான்.

தேவதாரு:

இருவரும் தந்தியைப் பற்றி எழுதிவிட்டார்கள். மேற்பலகைக்காகவும் ஒருவர் பேச வேண்டும். தந்தி தானாகக் காற்றை அசைப்பது மிகக் குறைவு. அதன் அதிர்வைக் குதிரை வழியாக வாங்கிக் காற்றுக்குத் தருவது மேற்பலகை. எனவே நல்ல மரம் வாங்கு, முறையாகச் செய் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் முழுவதும் தவறில்லை. அந்த அறிவுரையை வாத்தியம் முழுவதற்கும் பரப்பியதில்தான் அவர்கள் பிசகினார்கள்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் அந்தோனியோ தெ தோரெஸ். இன்றைய ஸ்பானியக் கிதாரின் உருவத்தை வகுத்தவர் அவர். 1862ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு கிதாரின் முதுகும் பக்கங்களும் அட்டையால் ஆனவை. மேற்பலகை மட்டும் தேர்ந்த மரத்தில், அவருடைய வழக்கமான உட்சட்ட அமைப்போடு செய்யப்பட்டது. கிதாரின் ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகையே என்று காட்டுவதற்காக அதைச் செய்தார் என்பார்கள். அந்த வாத்தியம் இப்போது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கே நுட்பம், எங்கே எளிமை என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பெரும் கைவினைஞர் மரத்திலும் அட்டையிலும் எழுதிவைத்த விடையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

உங்கள் பெட்டியின் மூடி 4 மி.மீ. பிளைவுட்டாக இருக்கலாம். பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 4 மி.மீ. பலகையை 3 மி.மீ. ஆக இழைத்தால் எடை கால் பங்குதான் குறையும், விறைப்போ பாதிக்கும் கீழே போய்விடும். அதனால்தான் மேற்பலகையில் இழைப்புளியின் ஒவ்வொரு சீவலும் ஒலியில் தெரிகிறது, முதுகுப் பலகையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. நைலான் தந்திக் கிதார்களில் மேற்பலகை பொதுவாக 2 முதல் 2.5 மி.மீ. வரை இருக்கும், எஃகுத் தந்திக் கிதார்களில் 3 மி.மீ.க்கு அருகில் இருக்கும். பிளைவுட்டை இழைத்தால் மேல் அடுக்கு போய் நடு அடுக்கு வெளிப்பட்டுவிடும் என்பதால், மூடியைக் கழற்றிவிட்டு நேரான ரேகையோடிய ஒற்றைப் பலகை ஒன்றைப் பொருத்துவதே நல்லது. ஸ்ப்ரூஸ், சிடார் போன்ற எடை குறைந்த மரங்கள் இதற்கு ஏற்றவை.

தந்திகளின் இழுவிசையை அஞ்சி மேற்பலகையைத் தடிப்பாக வைக்கிறவர்கள் உண்டு. ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் உங்கள் வாத்தியத்தில் மூன்று தந்திகள்தான். அதோடு, கழுத்துச் சட்டத்தைப் பெட்டிக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடவிட்டு, தந்தியின் கடைசி முனையைப் பெட்டியில் கட்டாமல் அந்தச் சட்டத்தின் வாலில் கட்டினால், இழுவிசை முழுவதையும் சட்டமே தாங்கிக்கொள்ளும். மேற்பலகையின் மேல் விழுவது குதிரை கீழ்நோக்கி அழுத்தும் அழுத்தம் மட்டுமே. இந்த எளிய அமைப்புதான் மெல்லிய பலகைக்கு இடம் கொடுக்கிறது.

ஒரு சிறு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெட்டிக்குள் ஓடும் சட்டம் மூடியின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலகை அதிர முடியாது. பாடுகிறவரின் வாயைப் பொத்தியது போல ஆகிவிடும். பெட்டியின் உள்ளே வரும் பகுதியில் மட்டும் சட்டத்தின் மேல் முகத்தை 5 மி.மீ. அளவுக்கு உளியால் எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்தபின் குதிரை நிற்கும் இடத்தில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். முன்பு "டொக்" என்று அடைத்து ஒலித்த இடம் "டும்" என்று திறந்து ஒலிக்கும்.

பெட்டியின் மூலைகளைப் பல்லிணைப்பாகச் செய்வது, தலைப்பகுதியில் பதிப்பு வேலை செய்வது, பின்பலகைக்கு அரிய மரம் தேடுவது ஆகியவை அழகுக்கு உரியவை. அவற்றைச் செய்வதில் மகிழ்ச்சி உண்டென்றால் தாராளமாகச் செய்யுங்கள். காதுக்காக என்றால் வேண்டாம்.

கைவினைஞன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மரத்தூள் ஐயா சொன்னபடி ஒளிக்கு எதிராகப் பார்த்தேன், முதல் மெட்டின் மேல் ஒரு தாள் அல்ல, தடித்த அட்டையே நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. ஆனால் ஒற்றைத்தந்தி அவர்களின் வாதம் எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. இருப்பதை வழுக்கு வாசிப்புக்கே விட்டுவிட்டு, மெட்டுள்ள வாத்தியத்தைத் தனியாகச் செய்யப் போகிறேன். சட்டத்தைக் குடைந்து மேற்பலகைக்கு இடம் விடும் வேலையையும் அதிலேயே செய்துவிடுகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கம்பி மெட்டுகளைப் பதிக்க மிக மெல்லிய வாள் வேண்டும் என்கிறார்கள், என்னிடம் அது இல்லை. அதற்கு மாற்று உண்டா? மேற்பலகைக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

மரத்தூள்:

உண்டு. ஐரோப்பாவின் முற்காலத்துத் தந்தி வாத்தியமான லூட்டில் மெட்டுகள் என்பவை கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்புகளே. சிதாரில் உலோக மெட்டுகளை நூலால் கட்டி வைப்பதும், வீணையில் மெழுகின் மேல் பதிப்பதும், தேவைப்படும்போது இடம் திருத்திக்கொள்ள வசதியாகத்தான். அதே முறையில், சுமார் 1 மி.மீ. தடிப்புள்ள நைலான் மீன்பிடி நரம்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கி முடிச்சிட்டால் நல்ல மெட்டு கிடைக்கும். கணக்குப்படி குறித்த கோட்டின் மேல் கட்டி, வாசித்துப் பார்த்து, காது சொல்கிற பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். எஃகுத் தந்தி நாளடைவில் நைலானை அறுக்கும் என்பதால் இந்த வாத்தியத்துக்கு நைலான் தந்திகளையே பூட்டுங்கள். நட்டுக்கு அருகிலிருந்து தொடங்கி மேலே போகப் போகச் சற்றே மெல்லிய நரம்பைப் பயன்படுத்தினால், அழுத்திய தந்தி அடுத்த மெட்டில் உரசாது.

கழுத்தின் அடிப்பக்கத்தை மட்டும் முதலிலேயே உருட்டி இழைத்துக்கொள்ளுங்கள். சதுரச் சட்டத்தில் கட்டினால் நரம்பு மூலைகளில் மட்டும் இறுகி நடுவில் தளர்ந்து நிற்கும்.

தேவதாரு:

வார்னிஷ் பற்றி: மேற்பலகையின் மேல் ஏற்றும் ஒவ்வொரு பூச்சும் எடையையும் அதிர்வை விழுங்கும் தன்மையையும் கூட்டுகிறது. கைக்கறை படியாமலிருக்க மிக மெல்லிய ஷெல்லாக் (அரக்கு) பூச்சு இரண்டு கை போதும். துணிப் பொட்டலத்தில் தொட்டு, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே இழுத்துவிடுங்கள். கண்ணாடி போல மின்னும் தடித்த பாலியூரித்தேன் பூச்சு உங்களுக்குப் பிடிக்குமானால் அதை முதுகிலும் பக்கங்களிலும் வைத்துக்கொள்ளலாம். மெட்டுகளைக் கட்டுவதற்கு முன்பே கழுத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து நன்றாக உலர விட்டுவிடுங்கள். குதிரையின் அடியில் மட்டும் எண்ணெயோ பூச்சோ இல்லாமல் வெறும் மரமாகவே இருக்கட்டும்.